நிற்க வேண்டிய நாலு ஃபேன்

பத்தே நிமிஷத்தில் சரி செய்துவிடுகிறேன் என்று சொல்லித்தான் பிரவீனா லேப்டாப்பைத் திறந்தாள். முக்கால் மணி நேரம் ஆகியும் அது அந்தப் பெட்டியோடு பேச மறுத்தது. பக்கத்தில் நின்ற சென்னகிருஷ்ணன் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் நிற்கிறவர்களைக் கண்டால்தான் பிரவீனாவுக்குப் பயம். கத்துகிறவர்களுக்கு ஏதாவது பதில் சொல்லிச் சமாளித்துவிடலாம்.

பேரிகைக்கு வடக்கே, தமிழ்நாடு முடிந்து கர்நாடகா தொடங்குகிற ஓரத்தில் இருந்தது அவருடைய கோழி ஷெட். முந்நூறு அடி நீளம், நாலு பக்கமும் அடைத்தது, வாசலறையில் மட்டும் ஒரு ஜன்னல். உள்ளே ஒன்பதாயிரம் கறிக்கோழி, முப்பத்தெட்டு நாள் வயசு, ஒவ்வொன்றும் ரெண்டு கிலோவுக்குக் குறையாது. நாளை மறுநாள் லாரி வந்து ஏற்றிக்கொண்டு போகும். இந்த மாதிரி ஷெட்டில் கோழிக்கு மூச்சு என்பதே ஒரு கோடியில் இருக்கிற எட்டுப் பெரிய ஃபேன்கள்தான். வெளிக்காற்றை இழுத்து உள்ளே இருக்கிற சூட்டை வெளியே தள்ளுவது அவைதான். அவை மொத்தமாக நின்றால் சித்திரை வெயிலில் கால் மணி நேரத்தில் கோழிகள் சரியத் தொடங்கிவிடும்.

எந்த ஃபேன் எப்போது ஓட வேண்டும் என்று தீர்மானிப்பது சுவரில் மாட்டிய ஒரு பிளாஸ்டிக் பெட்டி. அதைச் செய்து விற்கிறது ஓசூர் சிப்காட்டில் பதினோரு பேர் வேலை செய்கிற ஒரு கம்பெனி. பதினோராவது ஆள் பிரவீனா. குருபரப்பள்ளிப் பெண். ஸ்கூட்டரில் லேப்டாப் பையை மாட்டிக்கொண்டு மாவட்டம் முழுக்கச் சுற்றுகிற சர்வீஸ் இன்ஜினியர். பெயர்தான் இன்ஜினியர், திட்டு வாங்குவதுதான் முக்கால்வாசி வேலை.

இன்று காலையில் பெட்டியின் திரை இருண்டுபோனது. எட்டில் நாலு ஃபேன் ஓடியது, மீதி நாலு அசையவில்லை. கையால் போடுகிற சுவிட்சுகளும் கிடையாது. கரண்ட் செலவுக்குப் பயந்து ஆட்கள் ஃபேனை நிறுத்திவிடுகிறார்கள் என்று குஞ்சு கொடுத்து வளர்க்க வைத்து வாங்கிக்கொள்கிற கோழிக் கம்பெனிக்காரர்கள் அவற்றை எடுக்க வைத்துவிட்டார்கள். ஆக மிச்சமிருந்தது லேப்டாப் ஒன்றுதான். பெட்டி தனக்கென்று ஒரு வைஃபை பரப்பும். அதைப் பிடித்தால் திரையில் ஒரு பக்கம் திறக்கும். அதன் வழியாகப் புரோகிராமைப் புதிதாக ஏற்றினால் பெட்டி தெளிந்துவிடும். நாற்பது பண்ணையில் செய்த வேலை. கண்ணை மூடிக்கொண்டு செய்யலாம் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

'ஃபார்ம் ஒன்று' என்ற பெயர் லேப்டாப்பில் தெரிந்தது. அழுத்தினால் இணைந்தது. இணைந்த கையோடு அறுந்தது. லேப்டாப்பை அணைத்துப் போட்டாள். பாஸ்வேர்டை மறக்கச் சொல்லிவிட்டுப் புதிதாகக் கொடுத்தாள். தன் போனையும் அவர் போனையும் ஏரோப்ளேன் மோடில் போட வைத்தாள். எதற்கும் அசையவில்லை. பெட்டிக்கு நேர் கீழே நின்றால் சிக்னல் ஒரு கோடு. பின்னால் நகர்ந்து ஜன்னல் பக்கம் போனால் ரெண்டு கோடு. கிட்டே போனால் குறைகிறது, தள்ளிப் போனால் கூடுகிறது. பிரவீனாவுக்கு அது கொஞ்சம் இடித்தது. பிறகு, சுற்றிலும் தகரம், தகரத்தில் பட்டு சிக்னல் கன்னாபின்னாவென்று திரும்பும் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். காலேஜில் படித்த பிள்ளைகளுக்குச் சமாதானத்துக்கா பஞ்சம்.

"முப்பத்திநாலு காட்டுது பாப்பா," என்றார் சென்னகிருஷ்ணன். கயிற்றில் தொங்கிய கண்ணாடித் தெர்மாமீட்டரை அவர் அன்றைக்குப் பார்ப்பது இருபதாவது முறை இருக்கும். "எல்லாம் வாயத் தொறந்துக்கினு கெடக்குது. மணி பதினொன்னுதான் ஆவுது."

"அஞ்சு நிமிஷம்ணா. ஜன்னலாண்ட நல்லா எடுக்குது. அங்க உக்காந்து பாக்கறன்."

அவர் ஒரு தீவன மூட்டையை இழுத்து ஜன்னலடியில் போட்டார். பிரவீனா அதன்மேல் உட்கார்ந்தாள். ஜன்னலுக்கு வெளியே வறண்ட வாய்க்கால். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், நூறடி தள்ளி, இதே மாதிரி இன்னொரு ஷெட். அது அவர் தம்பி திருமலையுடையது. மூன்று வருஷத்துக்கு முன்னால் பாகம் பிரித்தபோது அண்ணனுக்குத் தமிழ்நாட்டுப் பக்கம் விழுந்தது, தம்பிக்குக் கர்நாடகாப் பக்கம். அன்றிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. பேச்சுத்தான் இல்லையே தவிர, போட்டி ஒரு நாளும் ஓயவில்லை. அண்ணன் ஷெட் முந்நூறு அடி என்றால் தம்பியும் டேப்பை வைத்து அளந்து முந்நூறு அடி கட்டினார். அண்ணனுக்கு எட்டு ஃபேன், தம்பிக்கும் எட்டு. பெட்டியும் அதே பெட்டி. எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரே நாளில் ரெண்டையும் மாட்டிவிட்டுப் போனவள் பிரவீனாதான். அவர்கள் வீட்டில் இவர்களைப் பற்றியும் இவர்கள் வீட்டில் அவர்களைப் பற்றியும் கேட்டுக் கேட்டு அன்றைக்கு அவளுக்குத் தலைவலியே வந்துவிட்டது.

ஜன்னலடியில் இணைப்பு அறாமல் நின்றது. பக்கம் மெதுவாகத் திறந்தது. பிரவீனா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"வந்துடுச்சுண்ணா. இங்க பாருங்க, இருபத்தொன்பது டிகிரின்னு காட்டுது. எட்டு ஃபேனும் ஓடுதாம்."

"நாலுதான ஓடுது?"

"அதான் சொல்றன். கொழம்பிப் போய் ஒளறுது. புதுசா ஏத்திட்டா சரியாப் பூடும்." விரல் பட்டனுக்கு மேல் நின்றது. "ஏத்தும்போது ஃபேன் எல்லாமே நிக்கும்ணா. சைரனும் அடிக்காது. ரெண்டே நிமிஷம், அப்புறம் தானா எடுத்துக்கும். பயப்படாதீங்க."

சென்னகிருஷ்ணன் தெர்மாமீட்டரைப் பார்த்தார், கோழிகளைப் பார்த்தார், தலையை ஆட்டினார். அவள் அழுத்தினாள்.

ஓடிக்கொண்டிருந்த நாலு ஃபேனும் நிற்கவில்லை.

"நிக்கலையே பாப்பா."

"ரிலே ஒட்டிக்கிச்சு போலருக்குது," என்றாள் பிரவீனா. அதுவும் நடக்கிறதுதான். பெட்டிக்குள் இருக்கிற சின்ன சுவிட்சு சூட்டில் ஒட்டிக்கொண்டால், நிறுத்து என்று சொன்னாலும் நிற்காது. "நல்லதாப் போச்சு விடுங்க. நிக்காம இருந்தா கோழிக்குத்தான் நல்லது."

சொல்லிவிட்டாள். நிற்க வேண்டியது நிற்கவில்லை. அது என்ன, ஏன் என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். திரையில் எண் ஏறத் தொடங்கியிருந்தது, கண் அதிலேயே ஒட்டிக்கொண்டது. ஐந்து. ஒன்பது. பன்னிரண்டு. சிக்னல் ரெண்டு கோடுதானே, எண் நொண்டி நொண்டி ஏறியது. ரெண்டு நிமிஷ வேலை நாலு நிமிஷமாச்சு, ஏழு நிமிஷமாச்சு. முப்பத்தெட்டில் அப்படியே நின்று, மறுபடி நகர்ந்தது. கம்பெனியில் அவள் பேரில் இந்த வருஷம் ஏற்கெனவே ரெண்டு புகார் இருந்தது. மூன்றாவது வந்தால் வேறு வேலை பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். அதெல்லாம் அப்போது அவள் மனசில் இல்லை. எதிரே ஒன்பதாயிரம் உயிர் வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது வேறு எது நினைவுக்கு வரும்.

அறுபத்தொன்றில் கரண்ட் போனது.

நாலு ஃபேனும் முனகிக்கொண்டே நின்றன. சென்னகிருஷ்ணன் ஜெனரேட்டர் கொட்டாய்க்கு ஓடினார். ஷெட் சட்டென்று அமைதியாகி, கோழிகள் மூச்சு வாங்குகிற சத்தம் மட்டும் கேட்டது. எல்லாம் போச்சு, முதலிலிருந்து ஏற்ற வேண்டும் என்று பிரவீனா நொந்துகொண்டே திரையைப் பார்த்தாள்.

அறுபத்திரண்டு.

முதலில் அவளுக்குப் புரியவில்லை. சுவரிலிருந்த பெட்டியைப் பார்த்தாள். எப்போதும் எரிகிற பச்சை விளக்கு அணைந்திருந்தது. அந்தப் பெட்டிக்குப் பேட்டரி கிடையாது. கரண்ட் இல்லாவிட்டால் அது வெறும் பிளாஸ்டிக். திரையில் அறுபத்துமூன்று ஆனது. செத்துக் கிடக்கிற பெட்டி யாரோடு பேசிக்கொண்டிருக்கிறது?

ஜன்னல் வழியாகப் பார்த்தாள். தமிழ்நாட்டில் கரண்ட் போனால் கர்நாடகாவில் போகாது. திருமலையின் ஷெட் வாசலில் பகலிலும் அணைக்க மறந்த பல்பு எரிந்துகொண்டிருந்தது. பல்பு எரிகிறது, ஆனால் ஃபேன் சத்தம் இல்லை. எட்டு ஃபேன் ஓடினால் இந்த ஜன்னலில் இரைச்சல் காதைப் பிளக்கும். இத்தனை நேரம் இங்கே ஓடிய நாலு ஃபேனின் சத்தத்தில் அந்தப் பக்கம் அடங்கிப்போனது அவள் காதில் ஏறவே இல்லை. ஃபேன் நின்றால் தானாக மூடிக்கொள்கிற தகரக் கதவுகள் அந்த ஷெட்டில் எட்டும் மூடிக் கிடந்தன.

அப்போதுதான் எட்டு மாதத்துக்கு முந்தைய அந்த மத்தியானம் ஞாபகம் வந்தது. அண்ணனுடைய பெட்டிக்கு 'ஃபார்ம் ஒன்று' என்று பெயர் வைத்துவிட்டு, அதையே காப்பி எடுத்துத் தம்பியுடைய பெட்டியில் போட்டு, பெயரை மட்டும் 'ஃபார்ம் ரெண்டு' என்று மாற்றினாள். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த திருமலை, "அவருக்கு ஒன்னு, எனக்கு ரெண்டா? அவருக்கு என்னா போட்டியோ அதத்தான் எனக்கும் போடணும், ஒரு எழுத்து மாறக் கூடாது," என்று பிடிவாதம் பிடித்தார். பசி நேரம். எதற்கு வம்பு என்று அவளும் ஒன்று என்றே விட்டுவிட்டாள். பாஸ்வேர்டும் ஒன்றே. பிற்பாடு மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். யாருக்கு நேரமிருந்தது.

இங்கே இருக்கிற பெட்டியின் வைஃபை காலையிலேயே செத்துவிட்டது. இத்தனை நேரமும் அவள் பேசிக்கொண்டிருந்தது வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துப் பெட்டியோடு. இருபத்தொன்பது டிகிரி என்று அது சொன்னது உண்மை. எட்டு ஃபேனும் ஓடுகிறது என்று சொன்னதும் உண்மை. அவள்தான் நிறுத்தினாள்.

மணியைப் பார்த்தாள். பட்டனை அழுத்திப் பத்து நிமிஷம் ஆகியிருந்தது. ரத்து செய்யலாம் என்று தேடினாள். பாதி ஏறிய புரோகிராமை ரத்து செய்தால் பெட்டி எழுந்திருக்கவே எழுந்திருக்காது. முழுக்க ஏற இன்னும் ஆறேழு நிமிஷமாவது வேண்டும்.

வெளியே ஜெனரேட்டர் உறுமி, நாலு ஃபேனும் மறுபடி சுற்றத் தொடங்கின. சென்னகிருஷ்ணன் சாவியோடு உள்ளே வந்தார். பிரவீனா ஒரே மூச்சில் சொன்னாள். "உங்களுதுன்னு நெனச்சு அவுருத நிறுத்திட்டன்ணா. அங்க எட்டும் நின்னு பத்து நிமிஷம் ஆவுது."

திருமலையின் நம்பர் அவளிடம் இருந்தது. அடித்தாள். மணி போனது, எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள்.

சென்னகிருஷ்ணன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். மூன்று வருஷமாக அந்த வாய்க்காலைத் தாண்டாத மனிதர். தாண்டினால் காலை உடைப்பேன் என்று தம்பி ஊர் கூட்டிச் சொன்னதும் உண்டு. இங்கே அவருடைய கோழிகளுக்கும் பாதிக் காற்றுதான். தம்பியின் கோழி சாகட்டும் என்று நினைக்கிறாரோ என்று ஒரு நொடி பிரவீனாவுக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காகப் பிறகு ரொம்ப நாள் வெட்கப்பட்டாள்.

"நாகம்மா," என்று வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார். ஓடி வந்த மனைவியின் கையில் ஜெனரேட்டர் சாவியைத் திணித்தார். "டீசல் பாத்துக்க. நிக்க வுடாத." மூலையில் கிடந்த கடப்பாரையை எடுத்துக்கொண்டு வாய்க்காலில் இறங்கினார். பிரவீனா பின்னாலேயே ஓடினாள்.

திருமலையின் ஷெட் கதவில் பெரிய பூட்டு தொங்கியது. பாகம் பிரித்ததிலிருந்து அவர் யாரையும் நம்புவதில்லை. சாவி எப்போதும் அவர் இடுப்பில்தான். கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி சரிதா, கணவனின் அண்ணன் கடப்பாரையோடு வருவதைப் பார்த்து அப்படியே எழுந்து நின்றாள்.

"மாமா?" என்றாள்.

"ஃபேன் நின்னு போச்சும்மா. சாவி எங்க?"

"அவுரு மாலூரு போயிருக்கறாரு. கையோட எடுத்துனு போயிட்டாரு."

அவர் கடப்பாரையைப் பூட்டுக்குள் விட்டு நெம்பினார். மூன்றாவது நெம்புக்குக் கொண்டி பிய்ந்து வந்தது. கதவு திறந்ததும் அடுப்பைத் திறந்த மாதிரி சூடு முகத்தில் அடித்தது. கோழிகள் காற்றைத் தேடி ஃபேன் இருக்கிற கோடிக்குப் போய் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குவிந்து கிடந்தன. குவியலின் அடியில் இருந்தவை அசையவில்லை.

பிரவீனா வாசலறையில் இருந்த மின்பெட்டியைத் திறந்தாள். சுவரிலிருந்த அந்தப் பாழாய்ப்போன பெட்டி, தன் திரையில் எண்பத்தொன்று என்று காட்டிக்கொண்டிருந்தது. அதற்காகக் காத்திருக்க முடியாது. ஒவ்வொரு ஃபேனுக்கும் மின்பெட்டிக்குள் ஒரு கான்டாக்டர், அதாவது மோட்டாருக்கான பெரிய சுவிட்சு, உண்டு. அதன் நடுவிலிருக்கிற குமிழைக் கையால் அழுத்திப் பிடித்தால் மோட்டாருக்குக் கரண்ட் போகும். செய்யவே கூடாது என்று கம்பெனியில் எழுதி ஒட்டியிருக்கிற காரியம்.

"அக்கா, காய்ஞ்ச கட்டை எதுனா குடுங்க. சீக்கிரம்."

சரிதா துடைப்பத்தின் காம்பை முழங்காலில் வைத்து உடைத்துக் கொடுத்தாள். பிரவீனா அதை வைத்து அழுத்தினாள். நீலமாகப் பொறி பறந்தது, கோடியில் ஒரு ஃபேன் எழுந்தது. அழுத்தியது விடாமல் நிற்க அட்டையை மடித்துச் செருகினாள். ரெண்டாவது. மூன்றாவது. வியர்த்த கையில் காம்பு வழுக்கி அடுத்த கம்பியைத் தொடப் போனது. சரிதா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். எட்டாவது ஃபேன் சுற்றியபோது பிரவீனாவின் சட்டை முழுக்க நனைந்திருந்தது.

உள்ளே சென்னகிருஷ்ணன் குவியலுக்கு நடுவே மண்டியிட்டு, மேலே கிடந்ததை விலக்கி, உயிருள்ளதை எடுத்துப் பின்னால் விட்டு, செத்ததைச் சுவரோரம் வீசிக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்து அவளும் இறங்கினாள். கையில் எடுத்த முதல் கோழி இன்னும் சூடாக இருந்தது. கழுத்து தொங்கியது. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுவதற்கும் அங்கே நேரம் இல்லை.

மாலூரிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த திருமலை வந்து சேர்ந்தபோது பாதிக் குவியல் கலைந்திருந்தது. உடைந்த கதவையும், வாசலில் கிடந்த கடப்பாரையையும், தன் கோழிகளுக்கு நடுவே நிற்கிற அண்ணனையும் அவர் பார்த்தார். சுவரோரம் செத்துக் கிடந்தவற்றைப் பார்த்தார். முந்நூறுக்கு மேல் இருக்கும். கோபம் வந்தால் அந்த வீட்டில் தெலுங்குதான் வரும். அண்ணனின் வயிற்றெரிச்சல் இத்தனை நாள் வாயோடு இருந்தது, இன்றைக்குக் கடப்பாரை வரைக்கும் வந்துவிட்டதா என்று கேட்டார். கேட்டதில் நல்ல வார்த்தைகளை மட்டும் சொன்னால் அவ்வளவுதான் தேறும். சரிதா குறுக்கே ஏதோ சொல்லப் போனாள். அவளையும் அடக்கினார்.

சென்னகிருஷ்ணன் குனிந்து இன்னொரு கோழியை எடுத்துப் பின்னால் விட்டார்.

இப்போது தன் பக்கம் கையைக் காட்டுவார் என்று பிரவீனா காத்திருந்தாள். அவர் காட்டவில்லை. ஒரு வார்த்தை சொன்னால் போதும், சொல்லவில்லை. சொன்னாலும் தம்பி நம்ப மாட்டான் என்று விட்டாரோ, இந்தப் பெண்ணின் பிழைப்பு போய்விடும் என்று விட்டாரோ, தெரியாது. பேசாமல் இருந்தால் தப்பித்துவிடலாம் என்பது அவளுக்கும் நன்றாகவே தெரிந்தது. மூன்றாவது புகார் இப்போது கண்முன்னால் நின்றது.

"அவுரு நிறுத்தலண்ணா," என்றாள். "நான்தான் நிறுத்துனன்."

திருமலை திரும்பினார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். லேப்டாப், ஒரே பெயர், அழுத்திய பட்டன், பத்து நிமிஷம், ஃபேன்களை எழுப்பிய துடைப்பக் காம்பு. அவர் கேட்டுத்தான் பெயரை அப்படியே விட்டாள் என்பதை மட்டும் சொல்லவில்லை. அதைச் சொல்லித் தப்பிக்க வாய் வரவில்லை. "அவுருதான் பூட்ட ஒடச்சாரு. இல்லாட்டி ஒன்னு கூடத் தேறியிருக்காது."

திருமலை அவளையே வெறித்துப் பார்த்தார். அடிக்கத்தான் போகிறார் என்று பிரவீனா நினைத்தாள். அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அவர் அண்ணனைப் பார்த்தார். அண்ணனின் முழங்கை வரை கோழி எச்சமும் இறகும் ஒட்டியிருந்தது. முன்னங்கையில் கொண்டி கிழித்து ரத்தம் வழிந்து காய்ந்திருந்தது.

"உன் ஷெட்ல இப்ப யாரு இருக்கறா?" என்றார். மூன்று வருஷத்தில் திட்டாமல் கேட்ட முதல் கேள்வி.

"உங்க அண்ணி."

"எத்தன ஃபேன் ஓடுது?"

"நாலு."

"காலையில இருந்தேவா?"

சென்னகிருஷ்ணன் தலையை மட்டும் ஆட்டினார். திருமலை தெர்மாமீட்டரைத் திரும்பிப் பார்த்தார். இங்கே முப்பத்தொன்றுக்கு இறங்கியிருந்தது. "சரிதா, நீ இங்க பாத்துக்க," என்று சொல்லிவிட்டு, தரையில் கிடந்த துடைப்பக் காம்பை எடுத்துக்கொண்டு வாய்க்காலைப் பார்த்து நடந்தார். அண்ணன் அவர் பின்னால் போனார்.

பிரவீனாவை யாரும் கூப்பிடவில்லை. ஆனால் சென்னகிருஷ்ணனின் பெட்டி இன்னும் செத்துத்தான் கிடந்தது, அங்கே கோழிகள் இன்னும் வாயைத் திறந்துகொண்டுதான் இருந்தன. அவளும் வாய்க்காலில் இறங்கி ஏறினாள். மின்பெட்டியைத் திறந்துகொண்டிருந்த திருமலை, அவள் ஜன்னலடிக்குப் போவதைக் கண்டு கையை நிறுத்தினார்.

"இந்தாம்மா," என்றார். "அந்த லேப்டாப்ப மூடி வெச்சிட்டு வந்து கட்டையப் புடி."